ஆதாரத்தில் எழுதாத தண்ணீர்

கேள்வி இது: "பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், வேலந்தாவளத்துக்குப் பக்கம் மூன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கியிருக்கிறேன். பழைய கிணறு வற்றிப்போச்சு. 900 அடிக்கு ஆழ்துளைப் போர் போடலாம் என்றால், 'என் 60 அடிக் கிணறு காய்ந்துவிடும்' என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறார். என் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் எனக்குச் சொந்தம் இல்லையா? ஆழியாற்றுத் தண்ணீரை ஒழுங்காக விட்டால் போரே தேவைப்படாது. அதுதான் உண்மையில் யாருடையது, கேரளாவுடையதா தமிழ்நாட்டுடையதா?"

முதலில் உங்கள் ஆதாரத்தை எடுத்துப் பாருங்கள். (எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கிரயப் பத்திரம்; இந்தப் பக்கம், கேரளாவில், ஆதாரம். நம் ஊரில் இரண்டும் வாயில் வரும்.) நான்கு எல்லை இருக்கும், சர்வே எண் இருக்கும், காய்க்கும் மரம் எத்தனை என்றுகூட எழுதியிருப்பார்கள். கிணறு ஒன்று என்று இருக்கும். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி என்று எந்த ஆதாரத்திலும் நான் பார்த்ததில்லை. விற்றவரால் அதைத் தர முடியாது, அவர் கையில் அது இருந்ததும் இல்லை.

ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இல்லையா என்றால், பழைய சட்டம் உங்கள் பக்கம்தான். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், ஏழாம் பிரிவு. நிலத்துக்கு அடியில், இன்ன வழி என்று தெரியாமல் கசிந்து கிடக்கும் தண்ணீரை நிலத்துக்காரர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், அதே ஏழாம் பிரிவு உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் உண்டு. இரண்டு பேருக்கும் உரிமை சமம், ஆழம்தான் சமமில்லை. அவருக்கு 60 அடிக் கிணறு, நீங்கள் 900 அடி துளைக்கப் போகிறீர்கள்.

1882-இல் இந்தச் சட்டம் யாருக்கும் உறுத்தியிருக்காது. அன்றைக்குத் தண்ணீர் எடுத்தது மாடு பூட்டி இறைக்கும் கவலை. இரண்டு மாடு, ஒரு சால், ஒரு ஆள். விடிய ஆரம்பித்துப் பொழுது சாய இறைத்தாலும் பக்கத்துக் கிணற்றில் நாலு விரற்கடை இறங்கினால் அதிகம். மாடு களைத்துப் போவதுதான் அன்றைக்கு இருந்த நிலத்தடி நீர்க் கட்டுப்பாடு. மோட்டார் களைப்பதில்லை. விவசாயத்துக்கு மின்சாரம் கிட்டத்தட்ட இலவசமாகவும் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நம் கிழக்குச் சித்தூரின் பாறையையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். கேரளா என்றதும் வெளியூர்க்காரர்கள் மழையை நினைப்பார்கள். மாநிலச் சராசரி ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கம் அதில் பாதிகூடத் தேறாத ஆண்டுகள் சாதாரணம். கீழே கடினப் பாறை. ஆற்றுமணல் படுகைபோல் தண்ணீர் பரவலாக நிற்காது. மேலே சிதைந்த பாறை அடுக்கில் கொஞ்சம், அதற்குக் கீழே வெடிப்புகளில் கொஞ்சம். வெடிப்பு எந்தத் தோட்டத்தின் வேலியையும் மதிப்பதில்லை. உங்கள் போர் குத்திய வெடிப்பும் அவர் கிணற்றுக்கு ஊற்று வரும் வெடிப்பும் ஒன்றாக இருந்தால், நீங்கள் எடுப்பது அவருடைய தண்ணீர். வேறாக இருந்தால் அவருக்கு ஒரு கேடும் வராது. இரண்டில் எது என்பதைப் பஞ்சாயத்துத் தலைவரோ வக்கீலோ சொல்ல முடியாது, தண்ணீர் பார்க்கும் ஆசாரி தேங்காயை உருட்டியும் சொல்ல முடியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட "என் நிலம், என் தண்ணீர்" என்ற வாதத்தை நம் தாலுகாவிலேயே ஒரு பெரிய கம்பெனி நீதிமன்றத்தில் வைத்துப் பார்த்தது. பிளாச்சிமடை. அந்தக் கதையைப் பலரும் பாதி மட்டும் சொல்வார்கள், அதனால் முழுதாகச் சொல்கிறேன்.

பெருமாட்டி பஞ்சாயத்தில் சுமார் 34 ஏக்கரில் கொக்கக்கோலா ஆலை 2000-இல் வந்தது. உரிமம் கொடுத்தது அதே பஞ்சாயத்துதான். வேலை கிடைக்கும், வரி கிடைக்கும் என்று. இரண்டு வருடத்துக்குள் சுற்றியிருந்த காலனிகளில் கிணற்று நீர் குடிக்க முடியாமல் போனது, சோறு வேகவில்லை, குளித்தால் அரிப்பு என்று புகார். 2002 ஏப்ரல் 22-ஆம் தேதி ஆலை வாசலுக்கு எதிரில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா, எரவாளர் பழங்குடிப் பெண். பந்தலில் இருந்தவர்களில் பலருக்கு வீட்டு மொழி தமிழ்தான் அல்லது தமிழை ஒட்டியது.  ஆலை, உரமாகப் போடலாம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்த கழிவுச் சேற்றில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003-இல் பிபிசி வானொலி வெளியே கொண்டுவந்தது. அந்த வருடம்தான் பஞ்சாயத்தும் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது.

2003 டிசம்பர் 16-ஆம் தேதி, கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்பு: நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவலன் மட்டுமே, ஒரு தனியார் இவ்வளவு பெரிய அளவில் எடுத்து விற்க உரிமை இல்லை. ஆனால் கம்பெனியும் ஒரு நிலத்துக்காரர்தான், 34 ஏக்கர் வைத்திருக்கும் வேறு யாரையும்போல வீட்டுக்கும் விவசாயத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதி அமர்வு இதைத் திருப்பிப் போட்டது. சட்டம் தடுக்காதவரை தன் நிலத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமை உடைமையாளருக்கு உண்டு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. கேரளாவின் நிலத்தடி நீர்ச் சட்டம் 2002-இலேயே வந்துவிட்டது என்றாலும், வழக்கின் வேர் பழைய ஏழாம் பிரிவிலேயே இருந்தது. எப்படியோ, 2004 மார்ச்சில் நின்ற ஆலை பிறகு ஓடவே இல்லை. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் கிடந்து, இனி ஆலையைத் திறக்கும் எண்ணம் இல்லை என்று கம்பெனி சொன்ன பிறகு 2017-இல் முடிந்தது. ஆக, இரண்டு தீர்ப்பில் எது சரி என்று மேலே யாரும் சொல்லவில்லை. சேதம் 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசு அமைத்த குழு 2010-இல் கணக்குப் போட்டது. அதை வாங்கித்தரத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டசபை 2011-இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்காமல் அது திரும்பி வந்தது. மயிலம்மா 2007-லேயே இறந்துவிட்டார்.

இதில் நான் பல நாள் யோசித்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் என்றால் வருடத்துக்கு 18 கோடி லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு ஏக்கர் நெல், ஒரு போகத்துக்கு, ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர் குடிக்கும் (1,200 மில்லிமீட்டர் தண்ணீர் நிறுத்துவதாக வைத்துக்கொண்டால்). வகுத்துப் பாருங்கள், 38 ஏக்கர் வருகிறது. அதாவது, அந்த 34 ஏக்கரில் கம்பெனி ஆலை கட்டாமல் நெல் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட இதே தண்ணீரை எடுத்திருக்கும், யாரும் பந்தல் போட்டிருக்க மாட்டார்கள். அப்படியென்றால் போராட்டம் தப்பா? இல்லை. நெல் வயலில் நிறுத்திய தண்ணீரில் ஒரு பங்கு திரும்பக் கீழே இறங்கும், பக்கத்துக் கிணற்றுக்கே ஊறும். பாட்டிலில் அடைத்தது லாரி ஏறிப் போய்விடும். நெல்லுக்கு மழைக்காலத்தில் பாதி வானமே கொடுக்கும். ஆலைக்குக் கோடையில்தான் விற்பனை அதிகம், கிணறு வற்றும் மாதத்தில்தான் மோட்டார் நிற்காமல் ஓடும். எத்தனை லிட்டர் என்பதை மட்டும் வைத்து வாதாடியவர்கள் இரண்டு பக்கமும் இந்த இடத்தைத் தவறவிட்டார்கள் என்பது என் எண்ணம். எந்த மாதம், எந்த இடத்தில், எடுத்ததில் எவ்வளவு திரும்பி வருகிறது. இந்த மூன்றையும் கேட்டால் வழக்கு வேறு மாதிரி தெரியும்.

இதே கண்ணோடு ஆழியாற்றுக்கு வருவோம்.

பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29-இல் கையெழுத்தானது. ஆனால் 1958 நவம்பர் 9 முதல் நடப்பில் இருப்பதாக முன்தேதியிட்டார்கள், ஏனென்றால் அதற்குள் அணைகளில் பாதி எழும்பிவிட்டது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்றும் கேரள மண்ணில் இருக்கின்றன, சாவி தமிழ்நாட்டின் கையில். மேற்கே ஓட வேண்டிய தண்ணீரைச் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பிப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கேயம் வரை கொண்டு போகிறார்கள். அதற்கு ஈடாக ஆழியாற்றின் மணக்கடவு அணைக்கட்டில் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையான ஒரு வருடத்துக்குள் 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) தண்ணீர் சித்தூருக்கு வர வேண்டும். இது போக, சோலையாற்றிலிருந்து 12.3 டிஎம்சி கேரளாவுக்கு.

எனவே "யாருடையது" என்ற கேள்விக்கு நேர் பதில்: மணக்கடவில் அளந்து விடும் 7.25 டிஎம்சி சித்தூருடையது, அதற்கு மேல் கேட்க ஒப்பந்தத்தில் இடமில்லை. லிட்டரில் சொன்னால் 20,500 கோடி. பிளாச்சிமடை ஆலைக்கு நீதிமன்றம் அனுமதித்த ஓராண்டு அளவைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். இவ்வளவு வந்தும் ஏன் உங்கள் தோப்பு காய்கிறது?

வருடக் கணக்கில் சரியாக வந்தாலும் நாள் கணக்கில் வராததுதான் முதல் காரணம். தென்மேற்குப் பருவத்தில் வெள்ளமாக வரும்போது சித்தூரில் வயலே நனைந்து கிடக்கும், யாருக்கும் வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் இரண்டாம் போக நெல் பால் பிடிக்கும்போது இரண்டு வாரம் தவறினால், அப்புறம் ஒரு டிஎம்சி சேர்த்து விட்டாலும் பதர்தான். இரண்டு மாநிலமும் சேர்ந்த கூட்டு நீர்ப்பங்கீட்டு வாரியத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறைக் கணக்குக்காக அதிகாரிகள் மல்லுக்கட்டுவது இதனால்தான். 2009 நவம்பர் வெள்ளத்தில் சித்தூர்ப் பக்கத்து மூலத்தறைத் தடுப்பணையே உடைந்தது. அன்றைக்கு வந்த தண்ணீரையும் யாரோ ஏட்டில் வரவு வைத்திருப்பார்கள், வேறென்ன செய்வார்கள்!

வந்ததைத் தேக்கி வைக்க நம் பக்கம் பெரிய இடம் இல்லை. கம்பாலத்தறை, வெங்கலக்கயம் ஏரிகள் இருக்கின்றன, போதவில்லை. அது போக, மூலத்தறையிலிருந்து வலதுகரைக் கால்வாய் நீண்டகாலமாகக் கோரையாற்றோடு நின்றுவிட்டது. உங்கள் வேலந்தாவளம் அதற்கு அப்பால். கால்வாயை வரட்டாறு, வேலந்தாவளம் என்று நீட்டும் திட்டம், அன்றைய சித்தூர் எம்எல்ஏ கே. கிருஷ்ணன்குட்டி 2018-இல் நீர்வளத்துறை அமைச்சரான பிறகுதான் வேகம் பிடித்தது. அதாவது பொள்ளாச்சிக்காரர் ஒரு சொட்டும் குறைக்காமல் விட்ட வருடங்களிலும் உங்கள் நிலத்துக்கு அது வந்திருக்க வழியில்லை. தமிழ்நாட்டைத் திட்டுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தமிழ்நாட்டுப் பக்கமும் மனக்குறை இல்லாமல் இல்லை. ஆனைமலையாற்றிலிருந்து 2.5 டிஎம்சி எடுக்க ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது, கேரளாவின் இடமலையாறு திட்டம் முடிந்த பிறகு என்ற நிபந்தனையோடு. இடமலையாறு அணையில் 1980-களிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் "திட்டம் இன்னும் முடியவில்லை" என்பது கேரளாவின் நிலை, பாசனக் கால்வாய் வேலை பாக்கி என்று. ஒப்பந்தத்தை முப்பது வருடத்துக்கு ஒருமுறை பரிசீலிக்க வேண்டும். 1988-இல் செய்திருக்க வேண்டியது. 2019 செப்டம்பரில் அன்றைய முதலமைச்சர்கள் பினராயி விஜயனும் எடப்பாடி பழனிசாமியும் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து பேசிக் குழு போட்டார்கள். இன்னமும் 1970-இன் தாள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்று கேட்டால் ஒன்றை விட வேண்டிவரும் என்பதால் இரண்டு பக்கமும் பழைய தாளோடு காலம் தள்ளுவதையே விரும்புகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைமடை என்பது நம் சித்தூரின் தனிச் சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் பிஏபி (பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம்) பாசனத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் விடுகிறார்கள். முறை வந்தும் தண்ணீர் வரவில்லை என்று வெள்ளகோவில், காங்கேயம் விவசாயிகள் பந்தல் போட்ட வருடங்கள் உண்டு. வழியில் கால்வாயில் குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்பது அவர்கள் புகார். அப்புறம் 2022-இல் ஒரு வேடிக்கை நடந்தது. ஆழியாற்றிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்குக் குடிநீர் கொண்டுபோகத் தமிழ்நாடு அரசு திட்டம் போட்டது. பொள்ளாச்சி விவசாயிகள் தெருவுக்கு வந்து, 'எங்கள் ஆற்றுப் படுகைத் தண்ணீரை வேறு படுகைக்குத் திருப்பாதே' என்றார்கள். சித்தூர்க்காரர்களும் அதையே சொல்லி எதிர்த்தார்கள். அறுபது வருடமாகப் பொள்ளாச்சி அனுபவிப்பதே வேறு படுகையிலிருந்து திருப்பிய தண்ணீர்தான்! அவர்களைக் குறை சொல்லவில்லை. மடைக்கு மேலே நிலம் இருப்பவனுக்கு ஒரு நியாயம், கீழே இருப்பவனுக்கு ஒரு நியாயம். நீங்களும் ஆற்றுத் தண்ணீர் விஷயத்தில் கடைமடைக்காரராகப் பேசிவிட்டு, போர் விஷயத்தில் தலைமடைக்காரராகப் பேசுகிறீர்கள், கவனித்தீர்களா? 900 அடி போர் என்பது தலைமடைதான்.

இந்தக் கணக்கு எதிலும் சேராத ஒரு கூட்டமும் இருக்கிறது. பரம்பிக்குளம் காட்டில் காடர், மலசர், மலைமலசர், முதுவர் இருக்கிறார்கள். கொச்சி ராஜ்யம் 1907-இல் தேக்குக்காகச் சாலக்குடிக்கு டிராம் பாதை போட்டபோது காடு மரமாக இருந்தது, 1960-களில் அணையாக மாறியது, பிறகு புலிகள் காப்பகமானது. ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டது அரசாங்கங்கள், இடம் மாறியது அவர்களுடைய குடிசைகள். 1970 ஒப்பந்தத்தில் இரண்டு மாநிலத்துக்கும் டிஎம்சியில் பங்கு உண்டு, மூழ்கிய காட்டில் இருந்தவர்களுக்கு ஒரு வரி இல்லை. 2006-இன் வன உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அவர்களும் மனு போடக் கூடிய ஆட்களானார்கள். கேரள வாக்காளர்களான அவர்கள், தங்கள் முதலமடைப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வர, சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டைச் சுற்றி வர வேண்டியிருந்தது, வழியில் இரண்டு மாநில வனத்துறைச் சோதனைச் சாவடிகள். 2020 அக்டோபர் 2-ஆம் தேதி, தேக்கடிக் குடியிருப்புக்காரர்கள் மண்வெட்டியை எடுத்துச் செம்மணாம்பதிக்குத் தாங்களே பாதை வெட்டத் தொடங்கினார்கள். முல்லைப்பெரியாறு இருக்கும் தேக்கடி இல்லை இது, நம் மலையில் உள்ள சின்னத் தேக்கடி.

சரி, உங்கள் போருக்கு வருவோம். சித்தூர் வட்டாரம் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் எடுத்துவிட்ட பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில், கேரள நிலத்தடி நீர்ச் சட்டப்படி, புதிதாகத் துளை போட முன் அனுமதி வேண்டும். பாலக்காட்டு மாவட்ட நிலத்தடி நீர் அலுவலகத்தில் மனு கொடுங்கள், இடத்தைப் பார்த்துச் சொல்வார்கள். அனுமதி இல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகத் துளைத்துத் தரும் வண்டிகள் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும், ஆசைப்படாதீர்கள். என் பெரியப்பா மகன் ஒருவர் அப்படிப் போட்டார். 700 அடியில் புகை மட்டும் வந்தது, கடன் இன்னும் இருக்கிறது.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. பழைய கிணற்றைச் சேறு வாரித் தூர் எடுங்கள், தோப்பில் வரப்பு உயர்த்தி மழைநீரைக் கிணற்றுப் பக்கம் திருப்புங்கள், வட்டப்பாத்தியை விட்டுச் சொட்டு நீருக்கு மாறுங்கள். மூன்றரை ஏக்கர் தென்னைக்கு இது போதுமாகக்கூட இருக்கலாம். போதவில்லை, அனுமதியும் கிடைத்துவிட்டது என்றால், துளைத்த பிறகு கம்ப்ரசர் வைத்து ஊதும் நாளில் பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கூப்பிடுங்கள். முந்தின நாள் அவர் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, காலையில் அவர் கிணற்றில் கல் கட்டிய கயிறு விட்டுத் தண்ணீர் மட்டத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். உங்கள் போரை எட்டு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி கயிறு விடுங்கள். முடிச்சு இருந்த இடத்திலேயே நனைந்தால் அவர் மனுவைத் தானே திரும்ப வாங்குவார். ஒரு முழம் இறங்கியிருந்தால், அன்றைக்கே அங்கேயே உட்கார்ந்து, மோட்டார் எந்தெந்த நாள் யாருக்கு என்று பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கிணற்றடியில் பேசுவது உத்தமம். அவருக்குக் காபி போட்டுத் தரச் சொல்ல மனசு வரும்.